நீல டிரம்மின் பூர்வீகம்



எங்கள் ஆம்பூர் தெருவில் ஒரு வீடு கட்டுகிறார்கள். வாசலில் மூன்று நீல பிளாஸ்டிக் டிரம், பக்கத்தில் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு பெரிய வெள்ளை டேங்க். லாரித் தண்ணீர் வந்தால் முதலில் டேங்க் நிறையும், பிறகு டிரம்கள். அந்தத் தண்ணீரில்தான் கலவை போடுகிறார்கள், சுவரை நனைக்கிறார்கள், கை கால் கழுவுகிறார்கள். போன வாரம் ஒரு சித்தாள் அக்கா அதே டிரம்மில் சொம்பை விட்டு மொண்டு குடித்ததைப் பார்த்தேன்.

டிரம்மின் பக்கவாட்டில் பாதி கிழிந்த லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து போய்விட்டது. எச்சரிக்கைப் படத்தின் சிவப்பு ஓரம் மட்டும் மிச்சம்.

"அண்ணே, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி? பழைய சாமான் கடையில வாங்குனது. ரெண்டு தடவ நல்லாக் கழுவிட்டுத்தான் வச்சிருக்கேன்."

அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. இந்த டிரம் எங்கிருந்து வந்தது? இதற்கு முன்னால் நம் ஆட்கள் தண்ணீரை எதில் தூக்கினார்கள்? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்!

தோலும் கடுக்காயும்

தோல் ஊரில் பிறந்தவன் என்பதால் தோலிலிருந்தே தொடங்குகிறேன். கையோடு எடுத்துப்போகும் நீர்க்கலங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று தோல்தான். ஆட்டின் முழுத்தோலை உரித்து, பதப்படுத்தி, கால்களைக் கட்டி, கழுத்தை வாயாக வைத்தால் அது தண்ணீர்த் துருத்தி. வடநாட்டில் இதைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றியவர்கள்தான் பிஷ்டிகள்.

நம் பக்கத்துக் கிணறுகளில் இருந்தது கவலை (தெற்கே கமலை என்பார்கள்). இரும்புச் சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். மேலே வந்ததும் தும்பிக்கை வாய் தாழ்ந்து தண்ணீர் தானாகக் கொட்டும். இன்றைய வெள்ளை டேங்கின் அடியில் ஒரு வால்வு இருக்கிறதே, அந்த வேலையை அன்றைக்கு இந்தத் தோல் செய்திருக்கிறது.

கட்டிட வேலையிலும் அப்போதே திரவம் உண்டு. சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். பானையிலோ தொட்டியிலோ நாள் கணக்கில் ஊறும். இதே கடுக்காய்தான் தோல் பதனிடவும் பயன்பட்டது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்குக் கடைசியில் கடுக்காய் கொடுப்பது தென்னிந்திய வழக்கம். கொத்தனாரும் தோல்காரரும் ஒரே கடையில் சரக்கு வாங்கியிருப்பார்கள் போல!

ஒரு சமாச்சாரத்தை இங்கே கவனியுங்கள். வெல்லத் தண்ணீர் சுண்ணாம்புக்கு நண்பன், சிமெண்டுக்கு எதிரி. சிமெண்ட் எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட வேண்டாம், அதிலும் சிறு பங்கு சர்க்கரை கலந்தாலே கான்கிரீட் இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். அதாவது வெல்லப்பாகு இருந்த டிரம்மைச் சரியாகக் கழுவாமல் கலவைத் தண்ணீருக்கு வைத்தால் வம்புதான்.

குரோம் வந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோம் முறையில் தோல் பதனிடுவதைப் பரிசோதித்தார். அந்தத் தோலுக்கு அவர் கண்ட உபயோகங்களில் ஒன்று, கிணற்றுக் கவலைக்கான தோல். எப்போதும் நனைந்தே கிடக்கும் பொருளுக்குக் குரோம் தோல் நன்றாகத் தாங்கும் என்பது கணக்கு.

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இறைக்க உதவும் என்று வந்த குரோம், அதே நூற்றாண்டு முடிவதற்குள் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போன வழக்கில் சாட்சியாகிவிட்டது. அந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன்.

இரும்புப் பீப்பாய்

72 நாட்களில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை என்ற பெண்மணியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய இரும்புச் சாமான் கம்பெனியை இவர்தான் நடத்தினார். அங்கே வேலை செய்த ஹென்றி வேர்ஹான் வடிவமைத்த உலோகப் பீப்பாய்க்கு 1905 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. உரிமை நெல்லி பிளையிடம் வந்தது. வயிற்றைச் சுற்றி இரண்டு வளையம், படுக்கவைத்து உருட்டினால் ஓடும். 200 லிட்டர் டிரம்மின் முன்னோர் இதுதான். இரண்டாம் உலகப் போர் இதை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது.

நம் ஊரில் தார் வந்த டிரம், எண்ணெய் வந்த டிரம் எல்லாம் காலியானதும் கட்டிட வேலைக்கு வந்தன. வாயை வெட்டினால் தண்ணீர்த் தொட்டி. கவிழ்த்துப் பலகை போட்டால் சாரம். தகரத்தை விரித்தால் வேலியடைப்பு. ஒரு பொருளை இத்தனை முறை பிறக்கவைக்கும் சாமர்த்தியம் நம்மவர்களுக்கு மட்டுமே உண்டு :)

பிளாஸ்டிக் காலம்

1970களில் குஜராத்தின் கலோலில் இருந்த ஒரு துணி ஆலையின் பிளாஸ்டிக் பிரிவிலிருந்து சின்டெக்ஸ் வந்தது. கறுப்புத் தண்ணீர் டேங்குக்கே அது பெயராகிவிட்டது. துருப்பிடிக்காத நீல டிரம்மும் வந்து சேர்ந்தது.

வெள்ளைக் கூண்டு டேங்கை ஐ.பி.சி. என்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் கலம், வெளியே துத்தநாகம் பூசிய கம்பிக் கூண்டு, அடியில் 120 க்கு 100 சென்டிமீட்டர் அளவில் ஒரு மேடை, கீழே வால்வு. பொதுவாகக் கொள்ளளவு 1000 லிட்டர். ஐந்து டிரம் சரக்கு ஒரே கலத்தில் அடங்கும், ஃபோர்க்லிஃப்ட் ஒரே தூக்கில் தூக்கிவிடும். கான்கிரீட்டை இளக்கும் ரசாயனக் கலவைகள் 1960களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் உருவாயின. இன்று பெரிய கட்டிட வேலைகளுக்கு அவை இந்த மாதிரி கூண்டு டேங்கிலும் டிரம்மிலும்தான் வருகின்றன.

தோல் தொழிற்சாலைக்கும் இதே டிரம், இதே கூண்டு டேங்க்தான். ஃபார்மிக் அமிலம், தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவை, சாயம், மேல்பூச்சு என்று பலதும் திரவமாக வருகின்றன. சரக்கு தீர்ந்ததும் கலம் மிஞ்சும்.

ஏன் நம் பக்கம் மட்டும் விசேஷம்?

மற்ற ஊர்களில் வீடு கட்டுகிறவர் மனையில் போர் போட்டு அந்தத் தண்ணீரிலேயே வேலையை முடித்துவிடலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பல இடங்களில் அது முடியாது. காரணம் உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைக் கொட்டிப் பாதுகாப்பார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகும். எத்தனையோ ஆண்டுகள் அது நிலத்தில் இறங்கியிருக்கிறது.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற 2000-ஆம் ஆண்டு இந்தியத் தர விதி. மீறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு வீங்கி, கான்கிரீட் பிளக்கும். சிவில் படிக்கிற எனக்கு இது பரீட்சைக் கேள்வி. வீடு கட்டுகிறவருக்கு வாழ்நாள் சேமிப்பு.

அதனால் லாரித் தண்ணீர். லாரித் தண்ணீர் வாங்கினால் பிடித்துவைக்கக் கலம் வேண்டும். மலிவான கலம் எங்கே கிடைக்கும்? பழைய சாமான் கடையில். அங்கே எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு, ரசாயனம் வாங்கும் தொழிற்சாலைகளிலிருந்து. கிணற்றைக் கெடுத்த தொழிலின் காலி டிரம்மே, நல்ல தண்ணீர் பிடிக்கும் பாத்திரமாகத் திரும்பி வருகிறது!

ஒரே மாதத்தில் இரண்டு காகிதங்கள்

1996 ஆகஸ்டு மாதத்தை நான் மறக்க மாட்டேன் (நான் அப்போது பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்).

ஆகஸ்டு 19-ல் கட்டிடத் தொழிலாளர் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் 32-ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்தில் போதுமான நல்ல குடிநீர் வைக்க வேண்டும், அங்கே 'குடிநீர்' என்று பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும், கழுவும் இடம், கழிப்பிடம் ஆகியவற்றிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றது.

ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்டு 28-ல், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. தோல் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அது எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு சுத்திகரிப்பு எவ்வளவோ முன்னேறியது. ஆனாலும் விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் இழப்பீடு பற்றியும் கண்காணிப்பு பற்றியும் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரு காகிதம் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றியது, இன்னொன்று தொழிலாளியின் சொம்பில் இருக்கும் தண்ணீரைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அந்த டிரம். அதைப் பற்றியும் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலேயே, ரசாயனம் ஒட்டிய காலி பீப்பாயும் கலமும் அபாயக் கழிவு என்று எழுதியிருக்கிறது. காலி டிரம் 'காலி' அல்ல என்று அர்த்தம். முறைப்படி சுத்தம் செய்யாமல் கைமாறக் கூடாத பொருள் அது.

கழுவினால் போதாதா?

சில ரசாயனங்கள் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே ஊறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். பார்த்தால் தெரியாது, சில சமயம் வாசனை கூட வராது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் பூச்சிமருந்து இருந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் சமையல் எண்ணெயை வைத்திருக்கலாம் என்று அப்போது அதிகாரிகள் கூறினார்கள். பாத்திரத்தின் பழைய வாழ்க்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

இன்னொன்று எடை. 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நிறைந்த கூண்டு டேங்க் அதைப் போல நாலு மடங்கு அழுத்தும். புதிதாக ஊற்றிய தளத்தில் அதை ஏற்றுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். திரவத்தின் எடை என்னவென்று நம் பக்கத்துக்குத் தெரியும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

டிரம்மே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு சுவர் எழும்பாது. நான்கு விஷயம் போதும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லாத, கிழித்த டிரம் வேண்டாம். எண்ணெய், சர்பத் மாதிரி உணவுப் பொருள் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் நன்றாகக் கழுவிக் கலவைத் தண்ணீருக்கு வைக்கலாம். குடிதண்ணீருக்குத் தனியாகப் புதுப் பாத்திரம், மூடியோடு. வெயிலில் நிற்கும் வெள்ளை டேங்கில் பாசி பிடிக்கும், கறுப்புத் துணியாவது போர்த்துங்கள்.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "படிச்ச புள்ள சொல்லுற, கேட்டுக்கிறேன்" என்றார். மறுநாள் வேப்பமரத்தடியில் ஒரு மண்பானை, மேலே தட்டு, தட்டின் மேல் டம்ளர். நீல டிரம்மில் சுண்ணாம்பால் 'குடிக்காதே' என்று எழுதியிருந்தது.

கம்பி கட்ட வந்திருப்பவர்களில் மூன்று பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'பெரும்பாலானவர்களுக்குப் புரிகிற மொழியில்' என்று சட்டத்தில் ஏன் எழுதினார்கள் என்பது அந்தச் சுண்ணாம்பு எழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பெரும்பாலானவர்கள் என்றால் கூட அந்த மூன்று பேர் விட்டுப்போகிறார்கள். அவர்களில் ஒருவரிடமே கேட்டு ஒடியாவிலும் எழுதிவிடலாம் என்று சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். போகும்போது அந்த டிரம்மில் லேபிள் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.