எபிசோட் 37: சார்ட் பார்த்தா காசு வருமா?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல என்கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் போனை நீட்டி ஒரு கேண்டில்ஸ்டிக் சார்ட்டைக் காட்டினான். "இங்க பாரு, சப்போர்ட்ல இருந்து எப்படி எகிறியிருக்கு! இது முன்னாடியே தெரிஞ்சதுதான்டா"ன்னான். "அப்ப வாங்கினியா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பிச்சுட்டான்.

டெக்னிகல் அனாலிசிஸ் நிஜமா வேலைக்கு ஆகுமா? யூடியூப் வந்த பிறகு பிறந்த கேள்வின்னு நினைச்சுக்காதீங்க. 90 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவில் ஒருத்தர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, தீர்ப்பும் எழுதிட்டார். அந்தத் தீர்ப்பு 1998-ல் அப்பீலுக்குப் போச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல சார்லஸ் டவ். டவ் ஜோன்ஸ்னு செய்தியில கேட்கிறோமே, அந்த டவ். 1889-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1896 மே 26 அன்று 12 கம்பெனிகளோட பங்கு விலையைச் சேர்த்து ஒரு சராசரி வெளியிட்டார். ரயில் கம்பெனிகளுக்குத் தனியா ஒரு சராசரி.

1901-ல் ஒரு தலையங்கத்தில் அவர் ஒரு உதாரணம் சொன்னார். கடல் ஏறுதா, வத்துதான்னு தெரியணுமா? அலை வந்து தொட்ட இடத்துல ஒரு குச்சியை நட்டு வைங்க. அடுத்தடுத்த அலை குச்சியைத் தாண்டிக்கிட்டே இருந்தா கடல் ஏறுது. குச்சி வரைக்கும் வராம நின்னா, கடல் திரும்பிடுச்சு. மார்க்கெட்டையும் அப்படிப் பார்க்கலாம்னார். இன்னைக்கு 'ஹையர் ஹை, லோயர் லோ'ன்னு கோர்ஸ் போட்டு விக்கிறாங்களே, அதோட பாட்டன் இந்தக் குச்சிதான். இன்னொரு விதி: தொழிற்சாலைப் பங்குகள் ஏறினா மட்டும் போதாது, ரயில் பங்குகளும் சேர்ந்து ஏறணும். சரக்கு உற்பத்தியானா ரயில் ஏறித்தானே ஆகணும்?

டவ் 1902-ல் இறந்துட்டார். இதை 'டவ் தியரி'ன்னு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மத்தவங்க வச்ச பேர் அது. இதைக் கையில எடுத்தவர் அதே பத்திரிகையோட தலையங்க ஆசிரியர் வில்லியம் பீட்டர் ஹாமில்டன். 1929 வரைக்கும், மார்க்கெட் எந்தப் பக்கம் போகும்னு மொத்தம் 255 தலையங்கம்.

எனக்கு ஹாமில்டன் மேல மரியாதை வந்தது இங்கதான். அவர் சொன்னதெல்லாம் தேதியோட அச்சுல இருக்கு. எங்க பாஷையில சொன்னா, அழிக்க முடியாத லாக் ஃபைல். தப்பாப்போன டிப்ஸை ராத்திரியோட ராத்திரியா டெலிகிராம்ல டெலிட் பண்ற வசதி அவருக்கு இல்லை.

அவரோட புகழ்பெற்ற தலையங்கம் 1929 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை வந்தது. கடலோட ஏற்றம் திரும்பிடுச்சுங்கிற அர்த்தத்தில்தான் தலைப்பே. அடுத்த திங்கள், செவ்வாய் ரெண்டு நாள்ல மார்க்கெட் நொறுங்கினது உலகத்துக்கே தெரியும். ஆனா கொஞ்சம் பொறுங்க. செப்டம்பர் 3 அன்று 381-ல் இருந்த டவ் ஜோன்ஸ், அந்தத் தலையங்கத்துக்கு முந்தின நாளே 299-க்கு வந்துடுச்சு. சிக்னல் வர்றதுக்குள்ள 21 சதவீதம் காலி. குச்சி நட்டுப் பார்க்கிற முறையில இந்தத் தாமதம் கூடவே வரும். அலை பின்வாங்கின பிறகுதானே பின்வாங்கிடுச்சுன்னு சொல்ல முடியும்? அதே டிசம்பர்ல ஹாமில்டனும் இறந்துட்டார்.

அடுத்து வர்றவர் ஆல்ஃபிரட் கவுல்ஸ். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையோட தொடர்புள்ள பணக்காரக் குடும்பம். காசநோய்க்காக கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல தங்கியிருந்தார். குடும்பப் பணத்தைப் பார்த்துக்கிறதுக்காக காசு கட்டி ஏகப்பட்ட மார்க்கெட் ஆலோசனைக் கடிதங்களை வாங்கிப் படிச்சவர். 1929 சரிவுக்குப் பிறகு அவருக்கு வந்த சந்தேகம் நமக்கும் வர்றதுதான்: இவங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா?

1932-ல் சொந்தக் காசுல ஒரு ஆராய்ச்சி அமைப்பையே தொடங்கினார். பங்குச் சந்தை ஜோசியர்களால் ஜோசியம் சொல்ல முடியுமாங்கிற தலைப்பில் 1933-ல் எகனாமெட்ரிகா இதழ்ல கட்டுரை எழுதினார். ஆயிரக்கணக்கான கணிப்புகளைச் சேர்த்து, பக்கத்துலயே சீட்டைக் குலுக்கி எடுத்த கணிப்புகளையும் வச்சு ஒப்பிட்டார். அவங்கள்ல கெட்டிக்காரர்களோட ரெக்கார்டு கூட குருட்டு அதிர்ஷ்டத்தைவிட மேலன்னு சொல்ல முடியலை.

ஹாமில்டனுக்குத் தனிக் கணக்கு. 26 வருஷத்துல 90 தடவை நிலையை மாத்தியிருக்கார். 45 சரி, 45 தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் இதேதான். அவர் பேச்சைக் கேட்டிருந்தா வருஷத்துக்கு 12 சதவீதம் கிடைச்சிருக்கும். எதுவும் செய்யாம வாங்கி வச்சிருந்தா 15.5. வித்தியாசம் சின்னதாத் தெரியும். நான் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன்: 26 வருஷத்துல 1,000 டாலர், ஒரு பக்கம் சுமார் 19,000, இன்னொரு பக்கம் 42,000. கேஸ் முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

1998-ல் பிரவுன், கோட்ஸ்மன், குமார்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அந்த 255 தலையங்கத்தையும் திரும்ப எடுத்தாங்க. நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்து ஹாமில்டன் மாதிரியே முடிவெடுக்க வச்சுப் பார்த்தாங்க, அதுவும் 1998-ல! அவங்க முக்கியமா கேட்டது கவுல்ஸ் கேட்காத கேள்வி: அந்த லாபத்துக்காக எவ்வளவு ரிஸ்க் எடுத்தார்? ஹாமில்டன் பல காலம் மார்க்கெட்டுக்கு வெளியிலேயே நின்னவர். அவங்க கணக்குல அவரோட வருமானம் மார்க்கெட்டை ஒட்டியே வந்துச்சு, ஏற்ற இறக்கம் மட்டும் கணிசமாக் குறைவு. ரிஸ்க்கைக் கழிச்சுப் பார்த்தா ஹாமில்டன் பாஸ்.

கவுல்ஸ் மேல தப்பில்லை. ரிஸ்க்கை அளக்கிற கணிதத்தை ஹாரி மார்கோவிட்ஸ் எழுதினது 1952-ல்தான். அந்த மார்கோவிட்ஸ் எங்க படிச்சு வந்தவர் தெரியுமா? கவுல்ஸ் தொடங்கின அதே ஆராய்ச்சி அமைப்புல. ஹாமில்டனைக் காப்பாத்தின ஆயுதம் கவுல்ஸ் வீட்டுப் பட்டறையிலதான் தயாராச்சு.

இன்னொண்ணும் எனக்கு உறுத்துது. கவுல்ஸோட ஹாமில்டன் கணக்கு 1929 டிசம்பரோட முடியுது. டவ் ஜோன்ஸ் 1932 ஜூலையில 41-க்குப் போச்சு. வாங்கி வச்சுட்டு சும்மா இருந்தவரோட பெரிய அடி அந்தக் கணக்குக்குள்ள வரவே இல்லை.

அப்போ நண்பன் சொன்னது சரியா? நான் அந்தப் பக்கம் இன்னும் போகலை. ஹாமில்டன் நிலையை மாத்தினது வருஷத்துக்கு சராசரியா மூணு, நாலு தடவை. நம்ம ஆளுங்க அதை ஒரு காலையில, பத்து மணிக்குள்ள முடிச்சிடறாங்க. எஃப் அண்ட் ஓ பத்தி செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. மூணு நிதியாண்டுல ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள், அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா தலைக்கு 2 லட்சம் ரூபாய் வாக்குல. 2023-24-ல் புரோக்கரேஜ், வரி மாதிரி செலவுக்கு மட்டும் ஆளுக்கு சுமார் 26,000 ரூபாய். அவங்க எல்லாரும் சார்ட் பார்த்துத்தான் தோத்தாங்கன்னு அந்த ஆய்வு சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா நல்ல காலத்துலயே பாதிக்குப் பாதி தப்பாகிற முறை இது. அதை வச்சு ஒவ்வொரு நிமிஷமும் கட்டணம் கட்டி விளையாடினா என்ன மிஞ்சும்? ஹாமில்டனுக்கு அது உதவினது, எப்போ ஒதுங்கி நிக்கணும்னு சொன்ன இடத்தில்தான். ஒதுங்கி நிக்கச் சொல்ற கோர்ஸை நான் இதுவரைக்கும் ஒரு விளம்பரத்துலயும் பார்க்கலை.

நண்பனுக்கு ஒரு கூகுள் ஷீட் திறந்து கொடுத்திருக்கேன். சிக்னல், தேதி, ஏன் வாங்கறோம், எங்க வெளியேறுவோம்னு நாலு காலம். டிரேட் போடுறதுக்கு முன்னாடியே எழுதணும், அழிக்கக் கூடாது. நேத்து வரைக்கும் பதினொரு வரி எழுதியிருக்கான். ஆறாவது வரிக்குப் பிறகு கடைசிக் காலம் காலியாவே இருக்கு. திங்கட்கிழமை கேன்டீன்ல பார்க்கும்போது கேட்கணும்.