தாடை மூட்டுக் கோளாறும் படிப்புச் சோர்வும்

பல் மருத்துவம் பயிலும் மாணாக்கரிடத்தில், ஓயாத உழைப்பினால் வரும் மனச் சோர்வும், தாடை மூட்டையும் மெல்லும் தசைகளையும் பற்றிய வலியும் ஒருங்கே காணப்படுவதுண்டு. பிறர் வாயைச் செப்பனிடக் கற்பவரே தம் வாயைத் திறக்கச் சிரமப்படுவது சற்று விபரீதமான நிலைதான்.

காதுத் துவாரத்துக்கு முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் உருள்வதாகத் தட்டுப்படும் அம்மூட்டு, கதவுக் கீலைப்போல் சுழல்வதோடு நில்லாமல், வாய் அகலத் திறக்கையில் முன்னோக்கி வழுக்கியும் செல்வதாகும். எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் கிடக்கும் தட்டு நழுவினால் 'டக்' என்ற சப்தம் எழும், சிலருக்கு வாய் பாதியிலேயே நின்றுவிடும். சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டிய வாய் 25, 30-க்குள் அடங்கிவிடுவதும் உண்டு. 1934-இல் அமெரிக்கக் காது மருத்துவர் காஸ்டன் இதற்குப் பல் இழப்பையும் கடி மாறுபாட்டையும் காரணமாகக் கூறினார். தசையின் இறுக்கம், உறக்கக் குறைவு, மனக் கவலை ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு என்பதே இக்காலக் கொள்கை.

சோர்வென்பது வெறும் அலுப்பன்று. உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் விவரித்த அந்நிலையை, உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் நோயாகக் கொள்ளாமல் தொழில் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்திற்று. சக்தி வற்றுதல், வேலையில் ஒட்டாமை, திறமை குன்றியதாகத் தோன்றுதல் என்பன அதன் குறிகள்.

பல் மருத்துவ மாணாக்கரிடத்தில் இவ்விரண்டும் எவ்வாறு சேர்கின்றன என்று பார்ப்போம். தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உடைய ஸ்ரீரங்கத்திலிருந்தோ, ஆற்றுக்கு இக்கரையில் திருச்சிராப்பள்ளியிலிருந்தோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரியை நாடும் பிள்ளை, 1953-இல் தோன்றிய சென்னைக் கல்லூரிக்கோ, சிதம்பரத்துக்கோ, 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டைக்கோ செல்லலாம். எங்கு சென்றாலும் நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமே. முதலாண்டில் மெழுகுக் கட்டியில் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்குகையில், கத்தி வழுக்குமோ என்ற அச்சத்தில் மாணவி தன் பற்களை நெரித்துக்கொள்கிறாள். பின்னாளில் நோயாளியின் வாய்க்குள் கழுத்தை வளைத்து நோக்குகையிலும், பார்த்து முடிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையான 'கோட்டா' முடிய இன்னும் இத்தனை கேஸ் வேண்டுமே என்று கணக்கிடுகையிலும் அவ்வழக்கம் தொடர்கிறது. பொறுமைக்கு நம்மவர் வழங்கும் சொல்லே 'பல்லைக் கடித்துக்கொண்டிரு' என்பதுதானே! தாடையின் சுபாவமோ வேறு: உதடு மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருப்பதே அதற்கு ஓய்வு.

சிகிச்சை பெரும்பாலும் எளியது. வெந்நீர் ஒத்தடம், மெல்லிய ஆகாரம், தசைப் பயிற்சி, இரவில் பல் நெரிப்போருக்கு அச்செடுத்துச் செய்யும் பல்லுறை இவற்றால் அநேகருக்கு வலி தணியும். அறுவை அரிதாகவே தேவைப்படும். கோகுலாஷ்டமிக்கு வீடு வரும் மாணவி மட்டும் அவ்வாண்டுச் சீடையைப் பொடித்துத் தின்ன வேண்டியிருக்கும்.