ஊமை ராணியின் ஆவியும் வாசகர் வினாக்களும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள பொந்தியானின் பெயரை முதன்முறையாகக் கேட்கும் வெளியூரார் பலர், 'பொந்தியானாக்' என்னும் பெண் பேயை நினைத்துக்கொள்வது வழக்கம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியே பொந்தியானாக் என்பது மலாய் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. ஊர்ப்பெயருக்கு உள்ளூரார் கூறும் விளக்கமோ வேறு. படகுகள் தங்கிச் செல்லும் இடம் என்னும் பொருளில் 'பெர்ஹெந்தியான்' என்ற மலாய்ச் சொல்லே மருவிப் பொந்தியான் ஆயிற்று என்பர். ஒலி ஒப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு ஊருக்கும் பேய்க்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும் மக்கள் மனம் இத்தகைய ஒப்புமைகளை எளிதில் விடுவதில்லை. முகச்சாயல் ஒன்றை வைத்து ஓர் ஆவியையே உருவாக்கி, மூன்றரை ஆண்டுக்காலம் தமிழ் வாசகரைத் தவிக்கவைத்த ஒரு தொடர்கதையும் நம்மிடம் உண்டு. அந்த ஆவி என்னவாயிற்று என வாசகர் கேட்ட கேள்வியும், அதற்குக் கிடைத்த விடையும் நம் இலக்கிய வரலாற்றில் ஆராயத்தக்கவை.

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது. மலாயாவில் அது அவசரகாலம். 1948இல் தொடங்கி 1960இல் முடிவுற்ற அந்நாள்களில், ஊரடங்குக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் இடையே தோட்டத் தமிழர் வாழ்ந்தனர். தமிழகத்து இதழ்கள் கப்பல் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, அங்கிருந்து உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. ஆதலால் சென்னை வாசகர் அறிந்த திருப்பத்தை இங்குள்ளோர் சில வாரங்கள் பிந்தியே அறிய நேர்ந்தது. தொடர்கதை என்பது காத்திருப்பின் கலை. கடல் கடந்து வாழ்ந்தோர்க்கு அக்காத்திருப்பு இருமடங்காயிற்று. அதே 1950இல்தான் கோலாலம்பூர்த் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தத் தொடங்கினர். கதையை வாசிப்பதோடு அதன் கட்டமைப்பையும் ஆராய்தல் வேண்டும் என்னும் எண்ணம் இங்கு வேர்கொண்ட காலமும் அதுவே எனலாம்.

கதையில் ஆவி புகும் வகையை இனிக் காண்போம். நோயுற்றுத் தஞ்சை அரண்மனையில் கிடக்கும் சுந்தர சோழர், தம் மகள் குந்தவையிடம் நெஞ்சில் புதைத்துவைத்திருந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். இளமையில் ஈழத்துக்கு அருகே ஒரு தீவில் தனித்து ஒதுங்க நேர்ந்தபோது, பேச்சும் கேள்வியும் அற்ற ஒரு பெண் அவரைக் காத்தாள். இருவரும் அன்பு கொண்டனர். பின்னர் அவர் அரசுரிமை பெற்றுத் திரும்பினார். அவளோ கோடிக்கரையில் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் குதித்து மாண்டாள் என்று அவர் நம்பினார். ஆண்டுகள் பல கழிந்தபின், நள்ளிரவில் அவள் தம் முன் வந்து நிற்கிறாள் என அம்மன்னர் நடுங்குகிறார்.

இறந்தவள் எங்ஙனம் வருவாள்? இவ்வினாவிற்கு வாசகர் விடை தேடத் தேட, கல்கி ஒவ்வொரு திரையாக விலக்கினார். மந்தாகினி என்னும் அப்பெண் இறக்கவேயில்லை. முதன்மந்திரி அநிருத்தர் உண்மையை மன்னரிடமிருந்து மறைத்துவிட்டார். இரவில் மன்னர் முன் தோன்றியவளும் மந்தாகினி அல்லள். அவளை உரித்துவைத்தாற்போன்ற முகம் கொண்ட பழுவூர் இளையராணி நந்தினியே ஆவியாக வேடமிட்டு நோயாளியை வதைத்தாள். உயிரோடு இருப்பவளுக்கு ஓர் ஆவி; அவ்வாவியாக நடிப்பவள் வேறொருத்தி. இத்தகைய சிக்கலை வாரந்தோறும் சில பக்கங்களாகப் பெற்ற வாசகர், தம்முள் ஊகங்களை வளர்த்து வழக்காடியதில் வியப்பில்லை. இருவர்க்கும் உறவு யாது? நந்தினியைப் பெற்றவள் அவளா? தந்தை யார்? இவற்றுள் இறுதி வினா இன்றும் ஓயவில்லை. வீரபாண்டியனின் பெயரைச் சுற்றிக் கதையில் வரும் குறிப்புகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவனவாக இல்லை என்பதே அதற்குக் காரணம். இதைக் கல்கியின் சோர்வு என்போரும் உளர். வேண்டுமென்றே இட்ட மயக்கம் என்போரும் உளர். வார இதழின் அவசரமும் கதைஞரின் சாமர்த்தியமும் கலந்த விளைவு என்பதே என் கருத்து.

ஊமை ராணியின் சிறப்பு இவ்வஞ்சனை வேடத்தில் இல்லை. ஒருத்தியே தந்தைக்குப் பேயாகவும் மகனுக்குத் தெய்வமாகவும் தோன்றுமாறு கல்கி அவளை அமைத்தார். அருள்மொழிவர்மன் சிறுவனாக இருந்தபோது ஓடத்திலிருந்து காவிரியில் விழுந்தான். அவனைத் தூக்கிக் கரைசேர்த்த கரங்கள் காவிரித்தாயின் கரங்களே என அரச குடும்பம் நம்பிற்று. பொன்னியின் செல்வன் என்னும் பெயரும் அவனுக்கு வாய்த்தது. காத்தவளோ மந்தாகினி. ஈழத்திலும் அவளே அவனை ஆபத்துகளிலிருந்து காக்கிறாள். ஆக, நூலின் பெயரே பேச இயலாத ஒரு பெண்ணின் மறைந்த செயலில் நிற்கிறது. மெய்யான மந்தாகினி தஞ்சை அரண்மனைக்கு வந்து மன்னர் முன் நின்றபோது, அவளையும் ஆவி என்றே எண்ணி அவர் அஞ்சி விரட்ட முற்படும் காட்சி, பேய்க்கதை துன்பியலாக மாறும் இடம். பின்னர் மன்னரைக் குறிவைத்து வந்த வேலைத் தன் உடலில் தாங்கி அவள் உயிர் விடுகிறாள். ஆவி என அஞ்சப்பட்டவள் மெய்யாகவே இறந்தபோதுதான், இதுகாறும் உயிரோடு இருந்தவள் என்பதை மன்னர் நெஞ்சம் முழுமையாக உணர்கிறது.

மந்தாகினியின் முடிவு இவ்வாறு தெளிவாயிற்று. நந்தினியோ எவர் கைக்கும் அகப்படாமல் கதையிலிருந்து மறைந்துபோனாள். 1954 மே மாதத்தில் தொடர் முற்றுப்பெற்றதும், கதையைத் திடீரென நிறுத்திவிட்டதாக வாசகர் பலர் குறைபட்டு எழுதினர். வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? நந்தினி என்ன ஆனாள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கல்கி முடிவுரை ஒன்று எழுதி இவ்வினாக்களை எதிர்கொண்டார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகியவற்றைப் போல இந்நாவல் முழு வாழ்வுகளையும் சொல்லி முடிப்பதன்று. சில மாதங்களின் நிகழ்ச்சிகளே இதில் அடங்கியுள்ளன. பாத்திரங்கள் பலர் இளம் பருவத்தினர். அவர்கள் கதை முடிந்த பின்னும் வாழ்ந்தார்கள் என்பது அவர் விளக்கத்தின் சாரம். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். ஆகவே மேலும் கேட்க எண்ணியவர்க்கு விடை சொல்வார் இலராயினர்.

வாசகர் வினாக்கள் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றிற்குக் கல் விடை சொல்லும். குந்தவை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே காட்டுகிறது. அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுத்துச் சிற்றப்பனை ஆளவிட்டான் என்பதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இடமுண்டு. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டால் தெரிகிறது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம், சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டி, அவர்தம் உறவினரின் நிலங்கள் கைப்பற்றப்பட்டதைக் கூறுகிறது. கொலைக்குத் தூண்டுதல் எது என்பதைக் கல் சொல்லவில்லை. ஆகையால் வரலாற்றறிஞரும் ஒருவகையில் வாசகரைப்போலவே ஊகிக்க வேண்டியவராயினர். உத்தம சோழருக்கு இதில் பங்கு இருக்கலாம் என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கொலை நடந்தது உத்தம சோழர் அரியணை ஏறுமுன். குற்றவாளிகளின் சொத்து குறித்த ஆணையோ அவர் ஆட்சி முடிந்து இராசராசன் வந்த பின்னர், 987ஐ ஒட்டிய காலத்தது. ஏறத்தாழ 16 ஆண்டு இடைவெளி ஏன் என்ற வினாவே இவ்வழக்கின் உயிர்நிலை.

நந்தினி, மந்தாகினி ஆகியோர் நிலை வேறு. இவர்களைப் பற்றிக் கல்லும் இல்லை, செப்பேடும் இல்லை. இருவரும் முழுவதும் கல்கியின் படைப்பு. வந்தியதேவர் எங்கோ இருந்தார் என்பதற்கு ஒரு வரிச் சான்றேனும் உண்டு. ஊமை ராணிக்கு அதுவும் இல்லை. அவ்வாறாயின் அவள் கதி என்னவாயிற்று என்னும் வினாவுக்கு நூலுக்கு வெளியே விடை தேடுதல் எங்ஙனம் இயலும்? கல்வெட்டில் இரவிதாசன் இருப்பதால் நந்தினியும் இருந்திருப்பாள் என்னும் எண்ணம், பொந்தியானுக்கும் பொந்தியானாக்குக்கும் உறவு கற்பிப்பதைப் போன்றதே.

ஆவியின் கதியை அறியத் துடிக்கும் ஆவல் தமிழ் வாசகர்க்கு மட்டும் உரியதன்று. கல்கியின் தொடர் முடிந்து மூன்றாண்டு கழித்து, 1957இல் சிங்கப்பூர் கேத்தே கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டது. மரியா மெனாடோ பேயாக நடித்தார். இயக்கியவர் பி. என். ராவ், 1939இல் தமிழில் 'பிரகலாதா', 'ரம்பையின் காதல்' ஆகிய படங்களை இயக்கியவர். மக்கள் திரண்டு பார்த்தனர். பேய் மீண்டும் வரவேண்டும் என்னும் விருப்பத்துக்குப் படத்தொழில் உடனே இணங்கிற்று; அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', மறு ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' வெளிவந்தன. வெள்ளித்திரைப் பேய்க்கு முடிவு என்பதே கிடையாது. வசூல் உள்ளவரை அது எழுந்து வரும். கல்கி மந்தாகினியை மீண்டும் எழுப்பவில்லை. அவளது மரணத்தை மரணமாகவே விட்டார். இவ்விடத்தில் நாவலாசிரியரின் கட்டுப்பாடு மெச்சத்தக்கது. கேத்தே கெரிஸ் படங்களுள் முதல் இரண்டின் படச்சுருள்கள் இன்று கிடைப்பதில்லை. பேயைக் காட்டிய படங்களே மறைந்துபோயின.

கல்கி விட்ட இடைவெளிகளைப் பிறர் நிரப்ப முன்வந்தனர். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடர்ச்சியாக எழுதினார். அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' அதே வழியில் சென்றது. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' கரிகாலன் கொலைக்கு முற்றிலும் வேறான விடையை முன்வைத்தது. ஒருகாலத்தில் வாசகர் திண்ணையில் பேசிய ஊகங்கள் இவ்வாறு தனி நூல்களாயின. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. மலிவுப் பதிப்புகள் பெருகின. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் இரு படங்கள் வந்தன. அவற்றில் நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் ஐசுவரியா ராய் ஒருவரே நடித்தார்.

இதன் பயனாக வகுப்பறையில் ஒரு தொல்லையும் எழுந்துள்ளது. சோழர் வரலாறு குறித்து எழுதச் சொன்னால், இராசராசனை ஆற்றிலிருந்து காத்தவள் ஈழத்துப் பெண் என்று எழுதும் மாணவர் உளர். அவர்களைக் கடிந்து பயனில்லை. கல்கி கல்வெட்டையும் கற்பனையையும் பின்னிய பின்னல் அத்தகையது. நாவலை வரலாறு அன்று என ஒதுக்கிவிடுதலும் ஆசிரியர்க்கு அழகன்று. உடையார்குடி என்னும் பெயரை நம் மாணவர் பலர் அறிந்ததே அந்நாவலால்தானே! ஒரு வழியுண்டு. பாத்திரம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதற்குச் சான்று எங்கே என மாணவரையே தேடச் செய்யலாம். குந்தவைக்குக் கிடைக்கும். வானவன்மாதேவிக்குக் கிடைக்கும். ஊமை ராணியின் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாகவே நிற்கும். அவ்வெறுமையைக் கண்ணால் கண்ட மாணவன் கதையை வெறுப்பதில்லை. கதைஞர் எவ்வளவு கட்டினார் என்பதை அளந்தறிகிறான்.

பெரிய கோயிலில் குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் செய்து வைத்ததைக் கல்வெட்டுக் குறிக்கிறது. தந்தை அங்கே பொன்மாளிகைத் துஞ்சின தேவர், தாய் வானவன்மாதேவி. ஊமை ராணிக்குத் தஞ்சையில் சிங்கள நாச்சியார் கோயில் என ஒன்று எடுக்கப்பட்டதாகக் கல்கி நாவலின் இறுதிப் பகுதியில் எழுதுகிறார். குந்தவை வைத்த படிமங்களைக் கல்வெட்டில் தேடவேண்டும்; நாச்சியார் கோயிலை நாவலில்தான் தேடவேண்டும்.