தள்ளி நின்று அளந்த புகை

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் விரிந்து கிடக்கும். எங்கே புகை எழுந்தாலும் கைநீட்டிக் காட்டிவிடலாம். ஆனால் இதே சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்குள் சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாறு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுப்பவர் படவே மாட்டார். நகரங்களில் எதைக் கண்காணிப்பது என்பதை நெடுங்காலமாக மேலே நிற்பவர்களின் பார்வைதான் முடிவு செய்திருக்கிறது.

கல்கத்தாவை எடுத்துக்கொள்வோம். நிலக்கரிக் கொதிகலன்கள் பெருகிய அந்த நகரத்தில் 1863-லேயே புகைத் தொல்லைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. 1905-ல் இன்னும் கடுமையான வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம், அதை நடத்த ஓர் ஆணையம், ஆய்வாளர்கள். அவர்களுடைய அளவுகோல் ரிங்கெல்மான் அட்டை. வெள்ளையில் தொடங்கி முழுக் கறுப்பு வரை படிப்படியாகக் கருமை கூடும் கட்டங்கள் அதில் இருக்கும். ஆய்வாளர் தூரத்தில் நின்று, புகைபோக்கியிலிருந்து வரும் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து எண் போடுவார். ஆலைக்குள் நுழைய வேண்டாம், உள்ளே யார் இருமுகிறார் என்று கேட்கவும் வேண்டாம். தொடாமலே அளக்கும் முறை! (நம்மூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.) ஆலைப் புகை ஓரளவு குறைந்தது உண்மைதான். ஆனால் கரும்புகை வந்தால் பழி பெரும்பாலும் கொதிகலனில் கரி அள்ளிப் போட்ட தொழிலாளி தலையில் விழுந்தது. பிறகு ஏழைகளின் வீட்டு அடுப்பு மீதும் விழுந்தது.

மலத்தைத் தள்ளி நின்று அள்ள முடியாது. அதற்குச் சாதி இருந்தது. அதே கல்கத்தாவில் 1928-ல் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் பிரபாவதி தாஸ்குப்தா தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், அந்தக் கைகள் இருப்பதே நகரத்துக்கு உறைத்தது.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாயை 1877-78 பஞ்ச காலத்தில் வெட்டியவர்கள், நிவாரணக் கூலிக்கு வந்த பட்டினி மக்கள். ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. நகரம் தன் கழிவை அதில் விட்டது. கரையோரம் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை, பெரும்பாலும் நம் மக்களை, ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் விரட்டினார்கள். கழிவு விட்டவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. காற்றின் தூசியை இன்று கருவி மணிக்கு மணி பதிகிறது. குழிக்குள் விஷவாயு தாக்கி ஒருவர் செத்தால் மட்டும் அது ‘விபத்து’.

சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுத்துப் பட்டியல் வெளியிட வேண்டும் என்று 2013 சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்புக்கும் கடமை விதித்திருக்கிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் படிக்கும் தோழர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டியலைக் கேட்டு மனுப் போடுங்கள். மனு எழுத நாங்கள் கூட உட்காருகிறோம்.