குடியரசு

“அமெரிக்கா குடியரசு, ஜனநாயகம் அல்ல” என்று எழுதுகிறார்கள். இரண்டையும் பகையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ரிபப்ளிக் என்பதன் மூலம் ‘ரெஸ் பப்ளிகா’ என்ற லத்தீன் தொடர். பொதுக் காரியம், மக்களின் உடைமை என்று பொருள். ஆங்கிலேயர் அதைக் காமன்வெல்த் என்றனர். பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், வர்ஜீனியா, கென்டக்கி இன்றும் அப்பெயரையே தாங்குகின்றன. 1787-இல், அமெரிக்க அரசியல் சாசனத்தை வடித்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் பொருளைக் குறுக்கினார்: மக்கள் நேரே கூடி ஆள்வது தூய ஜனநாயகம், பிரதிநிதிகள்வழி ஆள்வது ரிபப்ளிக். அவர் பிரித்தது ஆளும் முறையை. அதிகாரத்தின் ஊற்று இரண்டிலும் மக்களே. அரசியல் சாசனத்தின் நான்காம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ரிபப்ளிக் வடிவ அரசை உறுதிசெய்கிறது, ஆனால் விளக்கம் தரவில்லை. தமிழில் ‘குடி’ முதலில் குலம், குடும்பம். குறளின் ‘குடிமை’ குடிப்பிறப்பின் உயர்வைப் பேசுகிறது. பிறகு அரசனுக்கு அடங்கிய மக்கள்; இன்றோ உரிமையுள்ள குடிமக்கள். இதே நகர்வு அமெரிக்காவில் ஜெபர்சன் கைப்பட நடந்தது. சுதந்திரப் பிரகடன வரைவில் ‘பிரஜைகள்’ என்ற பொருளில் எழுதியதை, மை காயுமுன் அழித்து, ‘குடிமக்கள்’ எனப் பொருள்படும் சொல்லை மேலே எழுதினார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010-இல் அதை வெளிப்படுத்தியது. அரசனின் குடியாக இருந்தவர் தாமே அரசாவதைச் சொல்லும் ‘குடியரசு’ எனக்கு ரிபப்ளிக்கைவிடப் பொருள் செறிந்ததாகப் படுகிறது. ‘மக்களாட்சி’யை டெமாக்ரசிக்கே விட்டுவைக்கலாம்.