பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்: 50 வயதைத் தாண்டியும் மிரட்டும் மம்மிகள்!

'விடாது கருப்பு' பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்தவரா நீங்கள்? அப்போ இந்தத் தொடர் உங்களுக்குத்தான்!

பிபிசியின் புகழ்பெற்ற அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அதில் ஒரு கதைதான் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்'. 1975 அக்டோபர் 25-ல் தொடங்கி, நான்கு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பானது. மொத்தமும் பார்க்க 2 மணி நேரம்கூட ஆகாது.

கதை என்ன?

ஆண்டு 1911. எகிப்தில் ஒரு கல்லறையைத் திறக்கிறார் தொல்லியல் ஆய்வாளர் மார்கஸ் ஸ்கார்மன். உள்ளே அடைபட்டிருப்பவன் சூடெக். எகிப்தியர்கள் சேத் என்று வணங்கிய தெய்வம்தான். ஆனால் இந்தக் கதையில் அவன் வேற்றுக்கிரகவாசி. எந்த உயிரும் வாழ்வதைச் சகிக்காதவன். அவனைக் கட்டிவைத்திருக்கும் சக்தி, செவ்வாய் கிரகத்துப் பிரமிடு ஒன்றிலிருந்து வருகிறது. அதைத் தகர்க்க, இங்கிலாந்தில் ஒரு பெரிய பங்களாவில் ராக்கெட் தயாராகிறது. வேலை செய்வது யார் தெரியுமா? துணி சுற்றிய மம்மிகள். சுற்றைப் பிரித்தால் உள்ளே ரோபோ!

மறக்க முடியாத இடம்

"1911-ல் உலகம் அழியலையே, நாம கிளம்பிடலாமே" என்கிற மாதிரி கேட்கிறாள் நாயகி சாரா. டாக்டர் வாதாடவில்லை. கால இயந்திரத்தில் 1980-க்கு அழைத்துப்போய்க் கதவைத் திறக்கிறார். வெளியே புயலும் பாழ்நிலமும்தான். இன்றைக்குத் தடுக்காவிட்டால் நாளை என்பதே கிடையாது. அதற்கு மேல் சாரா எதுவும் கேட்பதில்லை.

இன்னொன்று, மார்கஸின் தம்பி லாரன்ஸ். அண்ணன் உடம்பு நடமாடுகிறது, உயிர் எப்போதோ போய்விட்டது. அதை ஏற்க மனசு வராமல் அவர் தவிப்பது, மம்மிகளைவிட அதிகமாக நம்மை உலுக்கும்.

பயமுறுத்தும் குரல்

இயக்கியவர் பேடி ரஸ்ஸல் என்ற பெண்மணி. படப்பிடிப்பு நடந்த மாளிகை, அப்போது பாடகர் மிக் ஜாகருக்குச் சொந்தமானது. சூடெக்குக்குக் குரல் கொடுத்தவர் கேப்ரியல் வுல்ஃப். கத்தல் கிடையாது, காதோரம் பேசுகிற மாதிரி அமைதியான குரல். 2024-ல் சூடெக் மீண்டும் வந்தபோதும் குரல் அவருடையதே. வயது 91!

நம்ம ஊர் மர்மம்

பழைய தெய்வம், பூட்டிய ரகசியம், அறிவியல் விடை. இந்தச் சேர்மானம் நமக்குப் புதுசில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேசம்' தொடர்கள் 1990-களில் இதைத்தான் செய்தன. அதற்கும் முன்பே, கும்பகோணம் பக்கம் உள்ள திருப்புறம்பியம் பள்ளிப்படையில் 'பொன்னியின் செல்வன்' சதிகாரர்களை நள்ளிரவில் கூட்டிவிட்டார் கல்கி. பள்ளிப்படை என்பது இறந்த அரசருக்காக எழுப்பிய கோயில். அரசரின் கல்லறையான பிரமிடுக்கு நம்ம டெல்டாவின் உறவுக்காரர் என்றே சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்

தெய்வங்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்ற எண்ணத்தை, 1968-ல் வெளியான எரிக் வான் டேனிக்கனின் புத்தகம் உலகம் முழுக்கப் பரப்பியது. கதையாக ரசிக்கலாம். ஆனால் அதையே வாட்ஸ்அப்பில் வரலாறு என்று அனுப்பும்போதுதான் சிக்கல். "பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது", "மனுஷனால் கட்டியிருக்கவே முடியாது" என்கிற ஃபார்வர்டுகள் உங்களுக்கும் வந்திருக்கும்.

நிழல் விழும். சாயங்காலம் போனால் நீங்களே பார்க்கலாம். மலையே இல்லாத வண்டல் மண்ணுக்குக் கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து, 1010-ல் கோயிலை முடித்தவர்கள் மனிதர்கள்தான். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து வந்த 400 ஆடல் மகளிரின் பெயர்களும், யாருக்கு எந்த வீடு என்பதும்கூட இருக்கிறது. எகிப்திலும் இதே கதைதான். கிசா பிரமிடுகளைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990-ல் கிடைத்தன.

மம்மிகளை இந்த வார இறுதியில் பார்த்துப் பயப்படுங்கள். அடுத்த முறை தஞ்சாவூர் போனால், விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கொஞ்சம் குனிந்து அடியில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள்.