பழைய ஏடும் கடதாசிப் பூவும்

எழுத்துப் பொறித்த தாள் தன் பயன் முடிந்தபின் யாதாகின்றது என்னும் வினா, முதற்கண் நோக்குவார்க்கு மிகச் சிறியதாகவே தோன்றும். அரசர் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராய்வோர் இதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பண்டைய மக்களைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுட் பல, எவரோ ஒருவர் வேண்டாமென ஒதுக்கிய தாள்களிலிருந்தே கிடைத்தன என்பதை நினையுங்கால், இவ்வினாவின் பெருமை புலனாகும்.

இக்காலத்திற் பல நாடுகளிலும் பழைய நூல்களின் பக்கங்களைக் கொண்டு பூச்செய்யுங் கைப்பணி பரவியுள்ளது. செய்முறை எளியது. பக்கத்தை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து நடுநோக்கிச் சுருளாக நறுக்கி, வெளிமுனையிலிருந்து சுருட்டிவந்து, எஞ்சிய நடுத்துண்டிற் பசையிட்டு அமர்த்தினால் ரோசாப்பூ ஒன்று உருவாகும். இதழ்களைத் தனித்தனி வெட்டி, விளிம்பை வளைத்து, கம்பியிற் கட்டுவாரும் உளர். அச்சு வரிகள் இதழ்தோறும் நரம்புபோல ஓடுவதே இப்பூவின் தனியழகு. கந்தற்றுணியிலிருந்து செய்த பழந்தாள் இவ்வேலைக்கு நன்கு இசையும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருகிய மரக்கூழ்த் தாளோ, தன்னகத்துள்ள அமிலத்தாற் பழுப்பேறி, மடித்த இடத்தில் முறியும்.

இதனைக் காணும் நூலன்பர் சிலர் இது நூற்கொலை என்று வெகுள்வர். பூச்செய்வோரோ, செல்லரித்து அழியவிருந்த தாளுக்கு மறுபிறப்பு அளித்தோம் என்பர். இவ்விரு கூற்றுக்களுள் எது தக்கது? வரலாறு தரும் விடை இரு சாராரையும் ஒருங்கே திகைக்க வைப்பதாகும்.

தாளின் தாயகமாகிய சீனத்திலிருந்தே தொடங்குவாம். அந்நாட்டின் வடமேற்கிலுள்ள துன்குவாங் என்னுமிடத்தில், குகையொன்றின் சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த அறையை 1900ஆம் ஆண்டில் வாங் யுவான்லு என்னுந் துறவி கண்டார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பெற்ற அவ்வறையிற் பல்லாயிரஞ் சுவடிகள் இருந்தன. 1907இல் அங்குச் சென்ற ஓரல் ஸ்ரைன் கொண்டுபோந்த பொருள்களுள், 868ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்ற வச்சிரச்சேதிகை என்னும் பௌத்த நூலோடு, வண்ணத்தாள்களை வெட்டி அடுக்கி ஒட்டிய பூக்களும் இருந்தன. பிரித்தானிய நூதனசாலையிற் காக்கப்பெறும் அப்பூக்கள், கடதாசிப் பூ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே வழிபாட்டுப் பொருளாயிருந்தமைக்குச் சான்றாம். அவ்வறையிலிருந்த சமயச் சுருள்கள் சிலவற்றின் கிழிசல்களுக்குப் பின்புறத்தில் ஒட்டுப்போடப் பழைய கணக்குகளும் ஒப்பந்தங்களும் பயன்பட்டிருந்தன. அவ்வாறு ஒட்டப்பட்ட தாள்களே அக்காலத்து மக்களின் அன்றாட வாழ்க்கையை இன்று நமக்கு உரைக்கின்றன.

துன்குவாங்கிற்கும் வடமேற்கே துர்பான் என்னும் பாலைவனச் சோலையை அடுத்து, அஸ்தானா என்னும் பழைய இடுகாடு உளது. அப்பகுதி மக்கள், இறந்தோர்க்கு அணிவித்த பாதரட்சை, தொப்பி, அரைக்கச்சை முதலியவற்றைத் தாளினாற் செய்தனர். தாள் விலையுயர்ந்த பொருளாதலின், புதுத்தாளை விடுத்து, பயன் தீர்ந்த அரசாங்க ஏடுகளையும் வழக்குப் பத்திரங்களையும் வெட்டிக்கொண்டனர். கல்லறையில் வைத்த பாவைகள் சிலவற்றின் கைகள், தலைநகராகிய சாங்கானில் அடைவுகடை ஒன்றிலிருந்து வந்த துண்டுகளைத் திரித்துச் செய்யப்பட்டிருந்தன. 1959ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற அகழ்வில் வெளிவந்த இப்பொருள்களை அறிஞர் மெல்லப் பிரித்து, துண்டோடு துண்டு பொருத்தி, ஏறத்தாழ 2,000 ஆவணங்களை மீட்டனர்.

அவற்றுள் ஒரு வழக்கினை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஈரானிய மரபினனான வணிகன் ஒருவன், தன் தமையன் சீன வணிகன் ஒருவனுக்கு 275 பட்டுச் சுருள்களைக் கடனாகக் கொடுத்துப் பயணஞ் சென்று மீளவில்லை எனக்கூறி, 7ஆம் நூற்றாண்டில் நீதிமன்றத்தை அடைந்தான். தீர்ப்பு அயல் மரபினனாகிய அவனுக்குச் சார்பாயிற்று. எந்த அரச வரலாற்றாசிரியனும் எழுதிவையாத இச்செய்தி, பிணத்தின் உடைக்கெனக் கத்தரிக்கப்பட்ட தாளிலிருந்தே வெளிப்பட்டது. அத்தாள் வெட்டப்படாதிருப்பின் இன்று நமக்குக் கிட்டியிராது.

யப்பானிலும் இத்தகையதொரு நிகழ்ச்சியைக் காணலாம். 702ஆம் ஆண்டின் குடித்தொகை ஏடுகள் சில, காலாவதியானபின், நாரா நகரத் தோடாய்ஜி என்னும் பௌத்தப் பெருங்கோயிலின் நூற்படி எடுக்குஞ் சாலைக்கு வந்துசேர்ந்தன. சாலையினர் அவற்றின் வெறும்புறத்திற் கணக்கெழுதினர். அக்கணக்கின் பொருட்டுச் சோசோயின் பண்டகசாலையில் வைக்கப்பட்டமையால் முன்புறத்து ஏடும் பிழைத்தது. அக்கோயிலின் விழாவொன்றுக்காகத் துறவியர் தம் கையாலேயே செவ்வண்ணமும் வெண்மையுமான கடதாசிப் பூக்களை ஆண்டுதோறுஞ் செய்துவருகின்றனர் என்பதும் நினைத்தற்குரியது.

இனி, எழுத்தைத் தெய்வமெனப் போற்றியோர் செய்தது யாது? எழுத்துள்ள தாளைத் தெருவில் மிதிபட விடுதல் பாவமென்று சீனர் கருதினர். அதனைப் பொறுக்கியெடுத்து, அதற்கெனக் கட்டிய சிறு சூளைகளில் எரித்து, சாம்பலை நீரில் விடுதல் அவர்க்குப் புண்ணியச் செயலாயிற்று. நம்மவர் நிலையும் இதனின் வேறன்று. சிதைந்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் ஆகுதி செய்துவிட்டனர் எனக் கேட்டு உள்ளம் நைந்தமையை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றிற் கூறுகின்றார். ஆங்கு ஏட்டை இகழ்ந்தவர் எவருமிலர். மதித்தமையாலேயே எரித்தனர். நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையை வெளியிட்டகாலை, தொட்டவிடத்து உதிரும் ஏடுகளின் நிலைகண்டு வருந்தியதும் தமிழுலகம் அறிந்ததே.

ஆகவே, பாதரட்சை தைத்தவன் காத்தான். வேள்வி வளர்த்தவன் அழித்தான் என்னும் முரண் தோன்றுகின்றது. இதனைக்கொண்டு, வெட்டுதலே காத்தற்கு வழியென முடிவுசெய்தல் பெரும்பிழையாகும். துர்பானில் ஏட்டைக் காத்தவை, மழையறியாப் பாலைமணலும் எவரும் திறவாக் கல்லறையுமே. ஈரக்காற்றும் கறையானும் மலிந்த நம் நாட்டில், மேசைமேல் வைத்த கடதாசிப் பூ, நிறம் மங்கியதும் குப்பையை அடையும். பாதரட்சையைப் பிரித்து வரலாறு படித்ததுபோல அப்பூவைப் பிரித்துப் படிக்க எவரும் வாரார். தற்செயலாய்க் கிடைத்த நன்மையை முறையெனக் கொள்ளலாகாது.

இங்குக் கருதத்தக்கது படிகளின் தொகையாகும். ஒரே பதிப்பிற் பல்லாயிரமாய் வெளிவந்து எங்கணும் உள்ள நூலின் படியொன்று மலராவதால் உலகிற்கு இழப்பில்லை. தனிப்படியாக நிற்கும் நூலின் ஓர் இலை போயினும் அது மீளாது. அச்சேறியமை ஒன்றே நூலைக் காத்துவிடும் என்று எண்ணுதலும் தவறு. 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சாகிய தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே உடையது. ஒரு மாலை தொடுக்கவும் போதாது. அதன் படி ஒன்றே எஞ்சி, இன்று ஹாவாட் பல்கலைக்கழகத்தில் உளது. எவரேனும் ஒருவர் அப்படியைப் பயனற்ற பழந்தாளென்று கருதியிருப்பின், இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் முதலிடம் பெறும் நூலொன்றை நாம் பெயரளவிலேயே அறிந்திருப்போம்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இவ்வுண்மை பிறர் சொல்லித் தெரியவேண்டுவதன்று. 1981ஆம் ஆண்டிற் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பிறிதோரிடத்திற் படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. அதன்பின், வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் மட்டை கழன்ற பஞ்சாங்கமும், பாட்டனார் படித்த பாடநூலும், சிற்றூர் அச்சகத்தில் வெளிவந்த பதிகமும், ஊரின் நினைவைத் தாங்கும் எஞ்சிய சான்றுகளாயின.

கடதாசிப் பூ செய்யும் மாணவரை நாம் கடிதல் வேண்டா. பயனற்றதிற் பயன் காண்பது உயர்ந்த பண்பு. கையும் கண்ணும் ஒருங்கே பழகும் கலை அது. ஆயினும் கத்தரிக்கோலை எடுக்குமுன், இஃது எந்நூல், எங்கே எப்போது அச்சாயிற்று, இதன் படி வேறெங்கேனும் உளதா, ஓரத்தில் எவரேனும் குறிப்பெழுதியுள்ளனரா என நோக்குதல் வேண்டும். ஐயம் எழின் நூலகரிடம் காட்டுக. வெட்டத்தக்கதை வெட்டிப் பூவாக்குக. ஏட்டைப் படித்தறியாது பூவாக்குதலும், படித்தறியாது பூசையறையிற் பூட்டிவைத்துச் செல்லுக்கு இரையாக்குதலும் ஒரு தன்மையனவே.